உல்கிலிருந்து பயணச்சீட்டு வரை

பெரும்பாணாற்றுப்படை காஞ்சிக்கு வழி சொல்லும் நூல். தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன் ஒருவன், எதிர்ப்பட்ட வறிய பாணனை அவ்வேந்தனிடம் ஆற்றுப்படுத்துவதாகக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. காஞ்சிபுரத்தில் இதைப் பாடமாக நடத்துவதில் ஒரு வசதி உண்டு. பாட்டின் முடிவில் வரும் மாநகரம், மாணவர்கள் அன்றாடம் பேருந்துக்குக் காத்து நிற்கும் ஊர்தான்.

அந்த நெடுவழியில் உமணரின் உப்பு வண்டிகள் வருகின்றன. மிளகுப் பொதி சுமந்த கழுதைச் சாத்து வருகிறது. சுங்கம் கொள்ளும் பெருவழியைக் காக்கும் காவலர் வருகின்றனர். சுங்கத்துக்குப் புலவர் கையாளும் சொல் 'உல்கு'. அச்சொல்லை விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "அந்தப் பாணன் சுங்கம் கட்டினானா ஐயா?"

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை, ஏனெனில் எனக்கு அதுவரை அக்கேள்வி தோன்றியதே இல்லை. பாட்டு காட்டும் உல்கு சரக்குக்கு உரியது. பாணன் தோளில் யாழ் மட்டுமே இருந்தது. ஆகவே அவன் எதையும் கட்டியிருக்க மாட்டான் என்று விடை சொன்னேன். அவள் விடவில்லை. "அப்படியானால் பாணனைவிட என் நிலைமை மோசம் ஐயா. வெறுங்கையோடு வந்தாலும் வாலாஜாபாத்திலிருந்து நான் சீட்டு வாங்கித்தானே ஆகவேண்டும்" என்றாள்.

வேடிக்கையாகச் சொல்லப்பட்ட இந்தச் சொல் சில வாரங்கள் என்னை விடாமல் பற்றிக்கொண்டது. மூட்டைக்கு வாங்கிய பணத்தை மனிதனுக்கு வாங்கத் தொடங்கியது எப்போது? அவன் கடக்கும் தொலைவை அளந்து விலை வைத்தவர் யார்? இவற்றுக்கு விடை தேடப்போய், இன்று சென்னை மெட்ரோ இரயிலின் கதவருகே கைப்பேசியை நீட்டி நிற்கும் பயணிவரை வரவேண்டியதாயிற்று.

பழந்தமிழ்நாட்டின் சுங்கம் பொருளைச் சுற்றியே அமைந்தது. அதே உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் வந்திறங்கும் பண்டங்களை அளந்து, சோழரின் புலிச் சின்னம் பொறித்து வெளியே விடும் அலுவலர்களைப் பார்க்கிறோம். பின்னாளில் முதலாம் குலோத்துங்கன் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர் பெற்றான். ஒரு வரியை நீக்கியதற்காக ஒரு வேந்தனுக்குப் பட்டப்பெயர் கிடைக்கிறதென்றால், அந்த வரி மக்களை எவ்வளவு அழுத்தியிருக்க வேண்டும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். ஆயினும் அது வணிகத்தின் மீது விழுந்த சுமை. நடந்து போகிறவனின் கால்களுக்கு யாரும் கணக்கு எழுதவில்லை.

கால்களுக்குக் கணக்கு எழுதும் வேலை இரயிலோடு வந்தது. இங்கிலாந்தில் குதிரை வண்டிக் காலத்தில் பயணியின் பெயரை ஒரு பேரேட்டில் எழுதிக்கொள்வார்கள். நம்மவர் வாயில் இன்றும் வழங்கும் 'புக்கிங்' என்ற சொல்லின் வேர் அந்தப் பேரேடுதான். தொடக்ககால இரயில் நிலையங்களும் இம்முறையையே பின்பற்றின. நாளுக்குச் சில வண்டிகள் ஓடியவரை இது போதுமானதாக இருந்தது. நூற்றுக்கணக்கானோர் வந்து நின்றபோது எழுதி மாளவில்லை. அதைவிட முக்கியமாக, எழுத்தர் வாங்கிய பணமும் கணக்கில் காட்டிய பணமும் ஒன்றா என்று சரிபார்க்க நிறுவனத்திடம் வழியில்லை.

இதற்குத் தீர்வு கண்டவர் தாமஸ் எட்மண்ட்சன். மரச்சாமான் செய்யும் தொழிலில் நொடித்துப்போய், 1836-இல் நியூகாசில் – கார்லைல் இரயில் பாதையில் ஒரு சிறு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். அட்டையைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் வரிசை எண் அச்சிட்டு, விற்கும்போது தேதியைக் குத்தித்தரும் ஒரு பொறியையும் அவர் அமைத்தார். அன்றைய கடைசி எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழித்தால் எத்தனை சீட்டு விற்றது என்று தெரிந்துவிடும். எழுத்தர் ஏமாற்ற இயலாது. 1839-இல் மான்செஸ்டர் – லீட்ஸ் நிறுவனம் அவரை அழைத்துக்கொண்டது. பிற நிறுவனங்கள் மைலுக்கு ஆண்டொன்றுக்குப் பத்து ஷில்லிங் உரிமைத்தொகை தந்து இம்முறையை வாங்கின. என் தலைமுறையினர் சிறுவயதில் சன்னலோர இருக்கையில் அமர்ந்து விரலிடுக்கில் உருட்டிக்கொண்டிருந்த அந்தத் தடித்த அட்டை எட்மண்ட்சனுடையதுதான். பயணிக்குச் சான்றாக நாம் நினைத்த ஒரு பொருள், உண்மையில் பணம் வாங்குகிறவரைக் கண்காணிக்கவே பிறந்தது என்பது இவ்வரலாற்றின் சுவையான திருப்பம்.

அடுத்த பத்தாண்டுக்குள் இங்கிலாந்தில் இரண்டு காரியங்கள் நடந்தன. இவை இரண்டையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். 1842-இல் இரயில் நிறுவனங்கள் கூடி ஒரு பொதுக் கணக்குத் தீர்வகத்தை நிறுவின. ஒரு பயணி மூன்று நிறுவனங்களின் தண்டவாளங்களில் போக நேர்ந்தாலும் புறப்படும் இடத்தில் ஒரே சீட்டு வாங்கினால் போதும். யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை நிறுவனங்கள் பின்னால் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளும். 1844-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. நாள்தோறும் ஒரு வண்டியாவது, கூரையுள்ள பெட்டியோடு, மைலுக்கு ஒரு பென்னிக்கு மிகாத கட்டணத்தில் ஓடவேண்டும். முதலாவது, பயணம் உடையலாகாது என்பது. இரண்டாவது, எளியவர் ஏறக்கூடிய விலை ஒன்று சட்டத்தாலேயே இருக்கவேண்டும் என்பது.

நம் பக்கம் வருவோம். தென்னிந்தியாவின் முதல் இரயில் 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அது அரக்கோணம் வழியாகச் சென்ற அகலப்பாதை. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1865-இல், இந்தியன் டிராம்வே கம்பெனி என்ற மற்றொரு நிறுவனம் அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு 19 மைல் நீளத்தில் ஒரு பாதை போட்டது. செலவைக் குறைப்பதற்காக அதன் அகலம் 3 அடி 6 அங்குலமாக இருந்தது. சென்னைப் பாதையோ 5 அடி 6 அங்குலம். விளைவு எளிதில் விளங்கும். காஞ்சியின் பட்டு மூட்டையும், வரதரையும் ஏகாம்பரரையும் தரிசிக்க வந்த யாத்திரிகரும் அரக்கோணத்தில் இறங்கி வேறு வண்டிக்கு மாறியே ஆகவேண்டும். 1874-இல் அந்த நிறுவனத்தின் வாரிசு தென்னிந்திய இரயில்வேயில் கலந்தது. அதன்பின் பாதை மீட்டர் அளவுக்கு மாற்றப்பட்டு, செங்கல்பட்டு வரை நீண்டது. ஆனால் அரக்கோணத்தில் அளவு முறிவது மட்டும் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நீடித்தது. நடைமேடையில் பெட்டி படுக்கையோடு ஓடிய கிழவர்களைக் கண்டவர்கள் இவ்வூரில் இன்னமும் இருக்கிறார்கள். இன்று அப்பாதை அகலப்பாதை. அரக்கோணத்து முறிவு தீர்ந்தது என்றே நாங்கள் எண்ணியிருந்தோம்.

பாதை முறிந்தது ஒருபுறமிருக்க, வண்டிக்குள்ளேயே மனிதர்கள் வகுப்புகளாக முறிக்கப்பட்டிருந்தார்கள். இரயில் நிறுவனங்களின் பயணிகள் வருவாயில் பெரும்பகுதி மூன்றாம் வகுப்புச் சீட்டுகளிலிருந்தே வந்தது. வசதியெல்லாம் முதல் வகுப்புக்குப் போனது. 1917-இல் காந்தியடிகள் பம்பாயிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் வந்தார். சீட்டு விலை 13 ரூபாய் 9 அணா. முதல் வகுப்புக் கட்டணம் இதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல். ஆனால் கொடுத்த பணத்துக்கு ஏற்ற விகிதத்திலாவது மூன்றாம் வகுப்பாருக்கு வசதி கிடைக்கிறதா என்பதே அவர் எழுப்பிய கேள்வி. அவர் இலவசம் கேட்கவில்லை, கணக்குக் கேட்டார். 1974-இல் மூன்றாம் வகுப்பு என்ற பெயர் நீக்கப்பட்டு எல்லாம் இரண்டாம் வகுப்பாயின.

நகருக்குள் ஓடும் இரயிலுக்கென்று வேறொரு கணக்கு உருவானது. 1931-இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. நெடுந்தொலைவுப் பயணி ஆண்டுக்கு ஒருமுறை வருகிறவர். மின்சார இரயில் பயணி அன்றாடம் வருகிறவர். ஆகவே அவருக்குப் பருவச்சீட்டு, பேச்சு வழக்கில் 'சீசன் டிக்கெட்', உரியதாயிற்று. புறநகர் இரயிலில் ஒரு மாதப் பருவச்சீட்டின் விலை ஏறத்தாழ 15 ஒற்றைப் பயணங்களின் விலை. மாதத்தில் 25 நாள் போய்வந்தால் 50 பயணங்கள். பதினைந்துக்குப் பணம், முப்பத்தைந்து இலவசம். 2014 ஜூனில் இந்தக் கணக்கை 30 பயணங்களாக உயர்த்த இரயில்வே அமைச்சகம் அறிவித்தது. எதிர்ப்பு எழவே சில நாட்களிலேயே அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. பருவச்சீட்டு என்பது அன்றாடம் உழைக்கப் போகிறவனுக்குச் சமூகம் கொடுக்கும் ஒரு வாக்கு. அதில் கைவைத்தால் என்ன நேரும் என்பதை அந்தச் சில நாட்கள் காட்டின.

சென்னை மெட்ரோ இரயில் 2015 ஜூன் 29 அன்று கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே ஓடத் தொடங்கியபோது இந்த மரபிலிருந்து முற்றிலும் வேறான ஒரு முறையைக் கொண்டுவந்தது. புறநகர் இரயிலில் நடைமேடைக்குத் தடுப்பு இல்லை. பரிசோதகர் வந்தால் காட்டவேண்டும், வராவிட்டால் நம் மனச்சாட்சியே பரிசோதகர். மெட்ரோவில் ஒவ்வொருவரையும் கதவு பரிசோதிக்கிறது. தொடக்கத்தில் தரப்பட்ட சிறு வில்லைக்குள் ஒரு சில்லு இருந்தது. நுழையும்போது எந்த நிலையம், எத்தனை மணி என்பது அதில் பதியும். வெளியேறும்போது கதவு அதைப் படித்து, போக வேண்டிய இடத்துக்குப் பணம் செலுத்தப்பட்டிருக்கிறதா என்று ஒப்பிட்டு, வில்லையை விழுங்கிக்கொண்டு வழிவிடும். பயண அட்டை வைத்திருப்பவர்க்கு வெளியேறும் நொடியில் கட்டணம் கழியும். பின்னர் காகிதத்திலும் கைப்பேசியிலும் வரும் சதுரக் குறியீடு வில்லையின் இடத்தைப் பிடித்தது. எட்மண்ட்சன் எழுத்தரைக் கண்காணித்தார். மெட்ரோவின் கதவு பயணியைக் கண்காணிக்கிறது. எழுத்தர்தான் இல்லையே.

கட்டணம் எப்படி நிறுவப்படுகிறது என்பதும் அறியத்தக்கது. தில்லிக்கென 2002-இல் இயற்றப்பட்டு, 2009-இல் பிற நகரங்களுக்கும் விரிக்கப்பட்ட மெட்ரோ சட்டத்தின்படி, தொடக்கக் கட்டணத்தை மெட்ரோ நிர்வாகமே வைத்துக்கொள்ளலாம். அதன்பின் மாற்ற விரும்பினால் உயர்நீதிமன்ற நீதிபதியாக இருப்பவர் அல்லது இருந்தவர் தலைமையில், மத்திய அரசின் சார்பில் ஒருவரும் மாநில அரசின் சார்பில் ஒருவரும் கொண்ட கட்டண நிர்ணயக் குழு பரிந்துரைக்க வேண்டும். அப்பரிந்துரை நிர்வாகத்தைக் கட்டுப்படுத்தும். புறநகர் இரயிலின் கட்டணத்தையோ இரயில்வே அமைச்சகம் தீர்மானிக்கிறது. பேருந்துக் கட்டணம் மாநில அரசின் கையில். ஒரே நகரத்தில் ஒரே மனிதனின் ஒரே பயணத்துக்கு விலை வைக்கும் இடங்கள் மூன்று.

2015-இல் கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரை சுமார் 10 கி.மீ. செல்ல ரூ.40. பாதை நீண்டபின் உச்சக் கட்டணம் ரூ.70 வரை ஏறியது. 2021 பிப்ரவரி 22 முதல் அது ரூ.50 ஆகக் குறைக்கப்பட்டது. அந்த அட்டவணைப்படி 2 கி.மீ. வரை ரூ.10, 5 கி.மீ. வரை ரூ.20, 12 கி.மீ. வரை ரூ.30, 21 கி.மீ. வரை ரூ.40, அதற்கு மேல் ரூ.50. அட்டையிலோ குறியீட்டிலோ செலுத்துவோருக்கு 20 விழுக்காடு தள்ளுபடியும் அறிவிக்கப்பட்டது. கூர்ந்து பார்த்தால் தொலைவு கூடக்கூடக் கிலோமீட்டருக்கான விலை குறைவது தெரியும். முதல் 2 கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் ஒன்று 5 ரூபாய். 12 கி.மீ. போனால் இரண்டரை ரூபாய். 32 கி.மீ. போனால் ஏறத்தாழ ஒன்றரை ரூபாய். தொலைவில் வாழ்கிறவனுக்குச் சற்று இரங்கும் அட்டவணை இது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மெட்ரோவில் முதலில் இரட்டைக் கட்டணத்தில் சிறப்பு வகுப்பு ஒன்று இருந்தது. 2020-இல் அது எடுக்கப்பட்டு, அவ்விடம் மகளிருக்கு ஒதுக்கப்பட்டது. பெட்டிக்குள் வகுப்பு ஒழிந்தது என்று நாம் மகிழலாம். ஆனால் வெளியே வந்து பார்த்தால், வகுப்பு பெட்டியிலிருந்து இறங்கித் தண்டவாளத்தில் ஏறி உட்கார்ந்திருப்பது தெரிகிறது. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை சுமார் 30 கி.மீ. மின்சார இரயிலில் 10 ரூபாய். அதே தொலைவுக்கு மெட்ரோவில் 50 ரூபாய். 2025 ஏப்ரல் 19 முதல் கடற்கரை – செங்கல்பட்டுத் தடத்தில் ஓடும் குளிர்சாதனப் புறநகர் இரயிலுக்குக் குறைந்தது 35, உச்சம் 105 ரூபாய் என்று வகுத்தார்கள். முன்பு ஒரே வண்டியில் மூன்று வகுப்புகள் இருந்தன. இப்போது மூன்று வண்டிகள் மூன்று வகுப்புகளாக இருக்கின்றன.

இதிலும்கூட ஒரு நியாயம் சொல்லலாம். பெரும் முதலீட்டில் எழுந்த பாதைக்கும், நூற்றாண்டுப் பழைய பாதைக்கும் ஒரே விலை இருக்க முடியாது. விருப்பமுள்ளவர் கூடுதலாகக் கொடுத்துப் போகட்டும் என்பர். எனக்கு உறுத்துவது விலை வேறுபாடு அன்று. பயணம் உடையும் இடத்தில் நிகழ்வது.

கணக்கைப் பாருங்கள். மெட்ரோவிலேயே ஒரே மூச்சில் 12 கி.மீ. போகிறவர் 30 ரூபாய் தருகிறார். அதே 12 கிலோமீட்டரை நான்கு நான்காக மூன்று தனிப்பயணங்களாக உடைத்தால் 60 ரூபாய். தொலைவுக்கு இரங்கும் அட்டவணை, ஒவ்வொரு முறை இறங்கி ஏறும்போதும் தன் இரக்கத்தை மறந்து முதல் படியிலிருந்து தொடங்குகிறது. மெட்ரோ நிலையத்தருகே வீடும் மற்றொரு மெட்ரோ நிலையத்தருகே அலுவலகமும் உள்ளவரை இது தொடுவதில்லை. காஞ்சியிலிருந்து போகிறவரைத் தொடும். நெசவை விட்டுச் சென்னையில் வேலை தேடிக்கொண்ட எத்தனையோ பிள்ளைகள் இங்கிருந்து போகிறார்கள். காஞ்சிபுரத்தில் இரயிலேறி, செங்கல்பட்டு வழியாகக் கிண்டியில் இறங்கி, மெட்ரோ மாறி, பிறகு பேருந்து மாறினால், அவர் மூன்று அட்டவணைகளின் முதல் படியை மூன்று முறை மிதிக்கிறார். நெடுந்தொலைவுப் புறநகர் இரயிலுக்குக் கொடுத்ததைவிட இடையிலுள்ள சில கிலோமீட்டர் மெட்ரோவுக்கு மிகுதியாகக் கொடுப்பதும் உண்டு. நகரத்தின் விளிம்புக்கு அப்பால் வாழ்வதற்கு ஒரு தண்டம் என்றே இதைக் கொள்ள வேண்டியிருக்கிறது.

அட்டையும் செயலியும் இதைத் தீர்த்துவிட்டன என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். 2023 ஏப்ரல் 14 அன்று சிங்காரச் சென்னை அட்டை அறிமுகமானது. 2025 செப்டம்பர் 22 அன்று சென்னை ஒன் என்ற செயலி வந்தது. பேருந்து, மெட்ரோ, புறநகர் இரயில் மூன்றுக்கும் ஒரே குறியீட்டில் சீட்டு. நல்ல காரியங்களே. மூன்று வரிசைகளில் நிற்பது மிச்சம். ஆனால் குறியீடுதான் ஒன்றாயிற்று, கட்டணம் ஒன்றாகவில்லை. மூன்று தொகைகள் கூட்டி ஒரு தொகையாகக் காட்டப்படுகின்றன, அவ்வளவே. 1842-இல் இங்கிலாந்தின் நிறுவனங்கள் மையும் பேரேடும் கொண்டு பங்கு பிரித்துக்கொண்டன. இந்நாளில் ஒரு நொடியில் அக்கணக்கைத் தீர்க்கும் கருவி கையில் இருக்கிறது. இல்லாதது, உடையாத பயணத்துக்கு உடையாத விலை வேண்டும் என்ற தீர்மானம். அரக்கோணத்தில் தண்டவாளம் முறிந்ததுபோல் இப்போது கிண்டியில் கட்டணம் முறிகிறது.

நம் மாநிலத்துக்கு இத்தகைய தீர்மானங்கள் புதியவையும் அல்ல. 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லை. ஆயினும் நடத்துநர் ஒரு சீட்டைக் கிழித்துத் தருகிறார். பணத்துக்காக அன்று, எத்தனை பேர் ஏறினர் என்ற கணக்குக்காக. எட்மண்ட்சனின் வரிசை எண் இவ்வாறு ஒரு நல்ல காரியத்துக்கும் உதவுகிறது. குலோத்துங்கனுக்குப் பட்டம் தந்த செயலின் சிறு நிழல் இதில் உண்டு என்றால் மிகையாகாது.

மெட்ரோவைப் பூந்தமல்லியிலிருந்து திருப்பெரும்புதூர் வழியாக எங்கள் மாவட்டத்துப் பரந்தூர் வரை நீட்டும் திட்டம் பேசப்படுகிறது. அது வரும்போது நிலையங்களின் கட்டடத்தைப் பற்றியும் வேகத்தைப் பற்றியும் நிறையப் பேசுவார்கள். கட்டண அட்டவணையைப் பற்றி யாராவது முன்கூட்டியே கேட்க வேண்டும். ஒரு வண்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறவர் புதிய பயணி அல்லர், பழைய பயணத்தையே தொடர்கிறவர் என்ற ஒரு வரி அதில் இடம்பெறுமா என்பதே எங்களைப் போன்ற ஊர்களுக்கு முக்கியம்.

இவ்வளவையும் தேடி முடித்தபின் அந்த மாணவியிடம் சுருக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு தன் பருவச்சீட்டை எடுத்துப் புத்தகத்துக்குள் அடையாளமாக வைத்துக்கொண்டே சொன்னாள்: "பாணன் கொடுத்துவைத்தவன்தான் ஐயா. சுங்கம் இல்லை என்பது மட்டுமில்லை, அவனுக்கு எங்கேயும் வண்டி மாறவேண்டியிருக்கவில்லை."